துருவைத் தேய்க்காமல் பெயின்ட் அடிக்காதீர்கள்

எங்கள் படிப்பகத்துக்குப் பழைய இரும்பு நாற்காலிகள் ஆறு வாங்கினோம். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்ததும் நீல எனாமல் அடித்தோம். கிழிந்த மெத்தையை எடுத்துவிட்டுப் புது ஃபோம் வைத்து, பலகையில் ரெக்சினை இழுத்து ஆணி அடித்தோம். துருவோடு பெயின்ட் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் உரிந்துவிடும்.

2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி, கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். இடஒதுக்கீடு தந்த பதவிக்கு உரிய இருக்கையைச் சாதி மறித்தது. படம் வெளிவந்த பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

தோழர்களே, உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். கிராம சபையில் ஊர் வாக்காளர் எல்லோரும் உறுப்பினர். அங்கே எழுந்து கேளுங்கள்.