குறடு யார் கையில்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. பாடசாலைக் கல்வியின் மீது இக்குறை நெடுங்காலமாகச் சாட்டப்பட்டு வருவதை யாவரும் அறிவர். அதனைப் போக்க எழுந்த வழிகளுள் ஒன்று செயற்றிட்ட முறை. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாற்றிக் 1918 ஆம் ஆண்டில் இம்முறை குறித்துக் கட்டுரையொன்று வெளியிட்டார். மாணவர் ஒரு நோக்கத்தைத் தாமே வரித்துக்கொண்டு, திட்டமிட்டு, செய்து முடித்து, பயனைச் சீர்தூக்கிப் பார்த்துக் கற்றல் வேண்டும் என்பதே அதன் சாரம்.

பொறியியல் சார்ந்த கல்விக்கு இதனினும் ஏற்ற முறை வேறில்லை எனலாம். நம் நாட்டில் 2013 ஆம் ஆண்டில் உயர்தர வகுப்புகளிலே தொழினுட்பத் துறை தொடங்கப்பெற்றது; 2015 இல் அதன் முதலாவது பரீட்சை நடைபெற்றது. அதன் பொறியியல் தொழினுட்பவியற் பாடம் இருபாலார்க்கும் பொதுவானது. ஆகவே, வாயில் திறந்தே இருக்கிறது. உள்ளே புகுந்த பின் பெண்பிள்ளைக்குக் கிடைப்பது யாது என்பதே நம் கேள்வி.

கலவன் பாடசாலையொன்றின் கண்காட்சிக்கு ஒரு முறை நாம் சென்றிருந்தோம். நீரிறைக்கும் சிறு பொறியொன்றை ஐவர் கூடிச் செய்திருந்தனர். மூவர் ஆண்கள், இருவர் பெண்கள். விளக்கம் கூறியவர்கள் பெண்பிள்ளைகளே. தெளிவாகவும் அழகாகவும் கூறினார்கள். நடுவே பொறி நின்றுவிட்டது. உடனே அவர்கள் ஒதுங்கி நிற்க, பையன்கள் குறடும் திருப்புளியுமாக முன்வந்தனர். “பிள்ளை, இதில் உம்முடைய கை பட்ட பகுதி எது?” என்று ஒருத்தியை வினவினோம். அவள் குறிப்பேட்டைக் காட்டினாள். “என் எழுத்து நல்லதென்று இதை என்னிடம் தந்துவிட்டார்கள்” என்றாள். அவள் குரலில் மனக்குறை சிறிதுமில்லை. அதுவே நம்மை வருத்தியது.

இதில் எவருடைய வஞ்சகமும் இல்லை. புள்ளிகள் முடிந்த பொருளுக்கே வழங்கப்படுகின்றன, நாளோ நெருங்குகின்றது. எனவே, எவ்வேலையை எவர் முன்னரே அறிவாரோ அவரிடமே அது போய்ச் சேருகின்றது. பையன் வீட்டிலே துவிச்சக்கரவண்டியைக் கழற்றிப் பூட்டியவன். தங்கையை அவ்வேலைக்கு எவரும் அழைத்திலர். இவ்வாறு, வேற்றுமையைக் குறைக்க வந்த முறையே அதனைப் பெருக்கிவிடுகின்றது. ஈராண்டு முடிவிலே அவனுக்குக் கைப்பழக்கமும், அவளுக்கு அழகியதோர் ஏடும் எஞ்சுகின்றன.

பெண்கள் பாடசாலைகளிலே இவ்விடர் எழுவதில்லை. அங்கே வாள் பிடிப்பவரும் துளையிடுபவரும் குறிப்பெழுதுபவரும் பெண்களே. ஆதலின், குறை ஆற்றலில் அன்று, வேலைப் பங்கீட்டிலேயே உள்ளதென்பது தெளிவு. 1960களில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்று, நாட்டின் முதற் பெண் பொறியியலாளராக விளங்கிய பிரேமளா சிவசேகரம் ஒரு தமிழ்ப் பெண்மணி என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது கடினமன்று. வேலைகளை வாரந்தோறும் மாற்றிக் கொடுக்கலாம். ஒவ்வொருவரும் ஒரு மூட்டையாவது பொருத்தி, ஒரு பழுதையாவது கண்டு திருத்திய பின்னரே புள்ளி என விதிக்கலாம். பல பையன்களிடையே ஒரு பெண்பிள்ளையைத் தனியே விடாதிருக்கலாம். பையன்களும் குறிப்பெழுதட்டும், தான் செய்ததைத் தெளிவாக எழுத அறியாதவன் அரைப் பொறியியலாளனே.

எனினும், பாடசாலைக்கு முந்தியது வீடு. தண்ணீர்க் குழாய் கசிந்தாலும், வண்டியின் சங்கிலி கழன்றாலும் மகனை மட்டும் அழைக்கும் வழக்கத்தைப் பெற்றோர் கைவிடுதல் வேண்டும். மகளின் கையிலும் குறட்டைக் கொடுங்கள். முதன்முறை அவள் பூட்டியது கோணலாகவே இருக்கலாம். அவளே கழற்றி, அவளே மீண்டும் பூட்டட்டும். தம்பியைக் கூப்பிட வேண்டாம்.