விட்டுப்போன அடிகள்

1940-ல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கியபோது உ.வே. சாமிநாதையருக்கு 85 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததை, நாமும் கூடத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல் எழுதியிருக்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் நூல்களை அடுக்கிக்கொண்டே போகிறார். அவர் முகத்தில் வியப்பே இல்லை. அறுபது வருஷத்துக்கு முந்தைய பேச்சு சொல்லுக்குச் சொல் நினைவில் நிற்குமா? நிற்காது. ஆனாலும் அந்தப் பக்கங்களை நான் நம்புகிறேன்.

அந்த நம்பிக்கையை எனக்குத் தந்தது வேறொரு புத்தகம். 1894-ல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. ஏடு சிதைந்த பாட்டுகளில் அடிகள் பாதியில் நிற்கும். விட்டுப்போன இடத்தில் புள்ளிகள் ஓடும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்குச் செய்யுள் இயற்றுவது கைவந்த கலை. ஓரடி செய்து சேர்த்திருந்தால் அன்று யார் கண்டுபிடித்திருப்பார்கள்? அவர் சேர்க்கவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி சேர்த்தார். கேன்சஸில் 1959-ல் ஒரு குடும்பத்தில் நால்வர் கொல்லப்பட்டதைப் பல ஆண்டுகள் விசாரித்து, ‘இன் கோல்ட் பிளட்’ எழுதினார். 1966-ல் நூலாக வந்தது. எல்லாம் உண்மை என்றே சொல்லிவந்தார். ஆனால் துப்பறிந்த அதிகாரியும் கொல்லப்பட்ட மகளின் தோழியும் கல்லறைத் தோட்டத்தில் சந்திக்கும் கடைசிக் காட்சி நடக்கவே இல்லை. அது தெரிந்தபின் மற்றப் பக்கங்களையும் சந்தேகத்தோடுதான் புரட்ட வேண்டியிருக்கிறது.

வயதானவர்களிடம் வாழ்க்கையைக் கேட்டு எழுதுகிறவன் நான். அப்பா பிழைப்புத் தேடி ரயிலேறிய நாளைச் சொல்லும் பெரியவரிடம், “அப்பா என்னங்கய்யா சொன்னார்?” என்பேன். “ஞாபகமில்ல தம்பி. கரிப்புகை கண்ணுல விழுந்து அழுதேன், அதான் ஞாபகம்” என்பார். அந்த அப்பாவுக்குப் பொருத்தமான ஒரு வாக்கியம் உடனே என் மனசில் வந்துவிடும். படிப்பவரைக் கலங்கவைக்கும் வாக்கியம். எழுதினால் அது என் பேச்சாகும், அப்பாவுடையது ஆகாது.

எங்கே தொடங்குவது, எதை முன்னே வைப்பது, எதை விடுவது என்பதெல்லாம் கதை சொல்கிறவனின் உரிமை. அதை நான் தாராளமாக எடுத்துக்கொள்கிறேன். நடக்காததை நடந்ததாகச் சொல்ல மட்டும் எனக்கு உரிமையில்லை. அப்பாவின் சொல் மறந்து கரிப்புகை மட்டும் தங்கிய மனசைவிடப் பெரிய கதையை நான் புனைந்துவிடப் போவதுமில்லை. ‘நினைவில்லை’ என்று சொல்லத் துணிகிற எழுத்தில்தான், ‘நினைவிருக்கிறது’ என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு.