கேடிலியப்பர் ஊரில் ஒரு சொந்தப் பாட்டு!

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் பஸ்ஸில் பாதி வழியில் வருகிறது கீழ்வேளூர். ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் வயல்தான். என் பக்கத்து சீட்டில், கிட்டார் பையை மடியில் படுக்கவைத்து ஒரு தம்பி. தானே பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, யூடியூபில் ஏற்றுபவர். அன்று ராத்திரி கீழ்வேளூர் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் பாட வந்திருந்தார்.

"சினிமா பாட்டு அஞ்சு, என் பாட்டு ஒண்ணு. அதுதான் பேச்சுண்ணே. பஸ் காசு போக கையில பெருசா நிக்காது. அடுத்த மாசம் சென்னையில வேலைக்குச் சேரணும். இதுதான் கடைசி மேடையோ என்னவோ!"

கச்சேரிக்கு நேரமிருந்ததால் இருவரும் கேடிலியப்பர் கோயிலுக்குப் போனோம். கோச்செங்கட்சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில் இது. யானை ஏற முடியாதபடி உயரத்தில் சந்நிதி. படியேறித்தான் சுவாமியைப் பார்க்க வேண்டும். தலமரம் இலந்தை. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம்.

முத்துசுவாமி தீட்சிதரும் இங்கே பாடியிருக்கிறார். 'அக்ஷயலிங்க விபோ' என்ற சங்கராபரண ராகக் கிருதி இந்தச் சுவாமியைப் பற்றியதுதான். 1775-ல் திருவாரூரில் பிறந்தவர், ஊர் ஊராகப் போய் அந்தந்தக் கோயிலுக்கு ஒரு பாட்டு கட்டினார். அப்போது சபாவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. அந்தப் பாட்டு இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கிறது; கூடவே கீழ்வேளூரும்.

அதைச் சொன்னதும் தம்பி சிரித்தார். "அவரு தீட்சிதருண்ணே!"

சரி, நம் காலத்துக்கே வருவோம். பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். அவருடன் ஆர்மோனியத்தோடு அலைந்த தம்பிதான் இளையராஜா. அந்த மேடைகளும் இப்படித் தெருமுனை மேடைகள்தானே!

ராத்திரி கச்சேரி களைகட்டியது. சினிமா பாட்டுக்கெல்லாம் விசில். 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். மணி 9.50. விழாக் கமிட்டிக்காரர் மேடையோரம் வந்து, "இன்னொரு சினிமா பாட்டோட முடிச்சிடுங்க தம்பி" என்றார்.

தம்பி ஒரு நிமிடம் கிட்டாரையே பார்த்தார். பிறகு, "பேசினபடி என் பாட்டுண்ணே" என்று மைக்கைப் பிடித்தார்.

தண்ணீருக்காக வாய்க்கால் கரையில் காத்திருக்கும் ஒரு அப்பாவைப் பற்றிய பாட்டு அது. இளசுகள் எழுந்து டீக்கடைப் பக்கம் போனார்கள். நாற்காலிகள் பாதி காலி. தரையில் உட்கார்ந்திருந்த பெண்களும் பெரியவர்களும் மட்டும் நகரவில்லை.

முடிந்ததும் ஒரு பாட்டி மேடைக்குக் கீழே வந்தார்.

"இது எந்தப் படத்துல தம்பி?"

"படம் இல்ல பாட்டி. நானே எழுதினது."

"அப்படியா? எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் கரையில போய் உக்காந்திருப்பாரு. அடுத்த வருஷமும் வந்து பாடு."

கவரில் எவ்வளவு இருந்தது என்று நான் கேட்கவில்லை. நாகப்பட்டினம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தம்பியே கேட்டார்: "சென்னையில திருவிழாவுக்கு லீவு தருவாங்களாண்ணே?"