மன்னம்பிட்டிப் பாலம்

தலவாக்கலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நாள்தோறும் காணும் கொத்மலை ஓயா, கீழே இறங்கி மகாவலியுடன் சேர்கிறது. அந்த மகாவலி கண்டியைச் சுற்றி, விக்டோரியா, ரந்தெனிகல நீர்த்தேக்கங்களைக் கடந்து, மன்னம்பிட்டியில் அகன்று ஓடுகிறது. 335 கிலோமீற்றர் நீளமான இந்நதியே இலங்கையில் மிக நீண்டது. கொட்டியாரக் குடாவில் அது கடலைச் சேர்கிறது.

ஹற்றனில் இருந்து கண்டி, ஹபரணை, பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் மன்னம்பிட்டியில் இந்த ஆற்றைக் கடக்க வேண்டும். 1922 இல் கட்டப்பட்ட இரும்புப் பாலத்தில் ரயிலுக்கும் வாகனங்களுக்கும் ஒரே தளம்தான். தண்டவாளம் கிடந்த அதே தளத்தில்தான் பஸ்ஸும் லொறியும் ஓடின. ஒரு பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை மறுபக்கம் காத்திருக்கும். ரயில் வந்தால் இரு பக்கமும் நிற்கும்.

போர்க்காலத்தில் இப்பாதையில் சோதனைச் சாவடிகளும் சேர்ந்தன. அடையாள அட்டையை நீட்டி, பையைத் திறந்து காட்டி, யாரிடம் போகிறோம் என்று பதில் சொல்லிப் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

1977, 1983 வன்செயல்களின் பின் பல மலையகக் குடும்பங்கள் தோட்டங்களை விட்டு வடக்கு, கிழக்குக்குச் சென்றன. அக்கா லயத்திலும் தங்கை மட்டக்களப்பிலுமாகப் பிரிந்தவர்களை என் வேலையில் சந்தித்திருக்கிறேன். தாய் இறந்த செய்தி கிடைத்தும் பாதை மூடியிருந்ததால் ஒரு தங்கையால் கருமாதிக்குக்கூட வர முடியவில்லை. நம்ம ஊர்த் தண்ணீர் தினமும் இந்தப் பக்கம் வருகிறது, எனக்குத்தான் வழியில்லாமல் போனது என்று அவர் சொன்னார்.

2007 ஒக்ரோபரில் யப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட 302 மீற்றர் நீளமான புதிய வீதிப் பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலம் ரயிலுக்கென விடப்பட்டது. 2009 இல் போரும் முடிந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையில் மண் சரிந்தது, மகாவலிக் கரைகளை வெள்ளம் மூடியது. மேலேயும் கீழேயும் பெண்கள்தான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மலையில் பெய்யும் மழைதான் மன்னம்பிட்டிக்கு வெள்ளமாக வருகிறது. ஆகவே மேலே இருப்பவர் கீழே உள்ள உறவுக்கு நேரத்தோடு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தாலே பேருதவி.

சகோதரிகளே, பஸ் செலவு பெரிதுதான். என்றாலும் வருடத்தில் ஒரு தடவையாவது போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். பெரியம்மாவையும் சித்தியையும் படத்தில் மட்டும் பார்த்து வளரும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள்.