இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு கிளட்ச்

அமெரிக்க டிராக் பந்தயத் திடல்களில், கையால் கியர் மாற்றும் கார்கள் நிற்கும் பிட் பக்கம் போனால், கால் மைல் ஓடி முடித்து வந்த வண்டியில் முதலில் செருகப்படுவது லேப்டாப் வயர்தான். பானெட்டைத் திறப்பதெல்லாம் அப்புறம். இதைப் பார்த்துவிட்டு, கைவேலை ஒழிந்தது, இனி கம்ப்யூட்டர் ராஜ்ஜியம் என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கிளட்ச்சைப் பதம் பார்த்து வைக்கும் கைத்தொழில், ஓட்டத்தின்போது எஞ்சின், ஷாஃப்ட் வேகங்களைப் பதிவு செய்யும் டேட்டா லாகர் வந்த பிறகுதான் தான் செய்தது சரியா தப்பா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளும் வசதியைப் பெற்றிருக்கிறது.

தெருவில் ஓடும் காரில் கிளட்ச் ஸ்லிப் ஆனால் அது கோளாறு. டிராக் காரிலோ அது வேண்டுமென்றே வைப்பது. 6,000, 7,000 ஆர்பிஎம்மில் சுற்றும் எஞ்சினை, அசையாமல் நிற்கும் டயரோடு ஒரே அடியில் பூட்டினால் டயர் பிடி விட்டுச் சுற்றும். டயர் பிடித்துக்கொண்டாலோ எஞ்சின் திணறி ஆர்பிஎம் சரியும். அதனால் கிளம்பியதும் ஒரு விநாடி அளவுக்குக் கிளட்ச் நழுவிக்கொண்டே பிடிக்க வேண்டும். அதற்கென்றே டிராக் காரில், கிளட்ச் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஸ்பிரிங்குகள் எப்போதும் கொடுக்கும் அழுத்தம் ஒன்று. நெம்புகோல்களின் முனையில் மாட்டும் சின்னச் சின்ன எடைகள் இன்னொன்று. பிளேட் சுற்றச் சுற்ற அவை வெளிப்பக்கம் இழுபட்டு அழுத்தத்தைக் கூட்டும். சுற்றும் வேகம் இரட்டித்தால் எடைகள் தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். ஸ்பிரிங்கைச் சற்றுத் தளர்த்தி, எடையைக் கொஞ்சம் கூட்டினால் கிளம்பும்போது நழுவும், வேகமெடுத்ததும் இறுகும். மெக்கானிக்கின் திறமை முழுக்க இந்த இரண்டுக்கும் இடையிலான கணக்கில் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், கிளட்ச் நழுவினாலும் எஞ்சின் சத்தம் ஏறும், டயர் சுற்றினாலும் ஏறும். சீட்டில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மருந்து மட்டும் ஒன்றுக்கொன்று எதிரானது. முன்னதற்கு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், பின்னதற்குக் குறைக்க வேண்டும். இங்கேதான் லாகர் கைகொடுக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டைச் சுற்றிக் காந்தங்கள் பதித்த ஒரு வளையம், அதை உரசாமல் பக்கத்தில் நிற்கும் ஒரு சென்சார், அவ்வளவுதான் கருவி. ஷாஃப்ட்டின் வேகத்தைக் கியர் விகிதத்தால் பெருக்கினால் கிளட்ச்சுக்குப் பின்பக்கம் என்ன வேகம் என்பது கிடைக்கும். முதல் கியர் 2.66 என்று வைத்துக்கொள்வோம். ஷாஃப்ட் 1,500 சுற்றினால் கிளட்ச்சின் பின்பக்கம் 3,990. அதே நொடியில் எஞ்சின் 6,000 காட்டினால், மிச்சம் 2,010 ஆர்பிஎம் கிளட்ச்சில் நழுவுகிறது. லேப்டாப் திரையில் எஞ்சின் வேகமும் ஷாஃப்ட் வேகமும் இரண்டு கோடுகளாகத் தெரியும். இரண்டு கோடுகளும் சேர்ந்தே எகிறினால் குற்றம் டயர் மேல். எஞ்சின் கோடு மட்டும் எகிறினால் கிளட்ச் மேல். சாலை வேகத்தை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. பந்தய டயர் வேகத்தில் விரிந்து சுற்றளவு கூடும், கூடவே தரையிலும் வழுக்கும்.

லாகர் இல்லாத காலத்தில் ஜெயிக்கவில்லையா என்று பழைய கைகள் கேட்பார்கள். ஜெயித்தார்கள். முதல் 60 அடிக்கான நேரத்தைப் பார்த்தும், கழற்றிய டிஸ்கின் நிறத்தையும் தேய்மானத்தையும் பார்த்தும் கணித்தார்கள். அந்தக் கணிப்பில் மேதைகள் இருந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தேய்ந்த டிஸ்க் மொத்தச் சூட்டைத்தான் சொல்லும். அந்தச் சூடு கிளம்பும்போது வந்ததா, கடைசி கியரில் வந்ததா என்று சொல்லாது. விகிதம் 1:1 ஆன டாப் கியரில் எஞ்சின் 7,000, ஷாஃப்ட் 6,800 என்று கோடுகள் விலகியே ஓடினால், கிளட்ச்சுக்கு வரும் சக்தியில் ஏறக்குறைய 3 சதவீதம் முடிவுக்கோடு வரை வெறும் சூடாகப் போகிறது என்று அர்த்தம். 600 குதிரைத்திறன் எஞ்சினில் அது 17 குதிரைத்திறன். இந்தக் கசிவைக் காதால் பிடிக்க முடியாது.

கருவியே காரை ஓட்டிவிடும் என்ற பயத்துக்கு விதியிலேயே பதில் இருக்கிறது. 1951இல் தொடங்கப்பட்ட, அமெரிக்க டிராக் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் விதிப்படி, லாகர் பதிவு செய்யலாம். வண்டியில் எதையும் இயக்கக் கூடாது. ஆகவே ஸ்பிரிங்கைத் திருகுவதும் எடையை மாற்றுவதும் இன்றும் கைதான். கருவி பொய் சொல்லாதா என்ற கேள்விதான் கனமானது. சொல்லும். வளையத்தில் ஒரு காந்தம் விழுந்துவிட்டால் ஷாஃப்ட் வேகம் குறைவாகப் பதிவாகும், இல்லாத ஸ்லிப் திரையில் தெரியும். கியர் விகிதத்தைத் தப்பாகப் பதிந்தாலும் அப்படித்தான். நிஜமான ஸ்லிப் கிளம்பும்போது அதிகமாகி, கிளட்ச் பிடிக்கப் பிடிக்கக் குறையும்; பொய்யானது ஒரே விகிதத்தில் கடைசி வரை ஓடும். இதைத் தெரிந்த மெக்கானிக் கோடுகளை மட்டும் நம்புவதில்லை. கிளட்ச்சைக் கழற்றி, டிஸ்கின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து, அந்தத் தேய்மானம் திரையில் கண்ட ஸ்லிப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பிரிங்கிலும் எடையிலும் கை வைக்கிறார்.