இரண்டு கடிகாரங்கள்

மாத்தளை மாவட்டத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நீரும் மின்சாரமும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பொருள்களாகத் தோன்றுவதில்லை. பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளைக்கு வந்து, 1976ஆம் ஆண்டு முதல் அங்குள்ள மின்னிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டே சுது கங்கையிற் கலக்கின்றது. நீர் மின்சாரமாகும் இந்த விந்தையை நாம் சிறு பராயத்திலேயே அறிந்துகொள்கிறோம். மின்சாரத்தைக் கொண்டு நீரை ஓடச்செய்த சிறியதோர் இடத்திலே நான் கற்ற பாடமொன்றினை இங்கு எழுத முற்படுகின்றேன். கலைப்பீட மாணவனுக்குப் பம்பியும் ஆளியும் எதற்கு என வினவும் நண்பர்கள் இறுதிவரை பொறுத்தருள்வார்களாக.

என் தந்தையார் தோட்டத் தொழிற்சாலை ஒன்றில் மின்வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதன் பின்னர், நகருக்கு அப்பாலுள்ள மலைச்சரிவிலே அமைந்த வீடொன்றின் மின் இணைப்புகளையும் அங்குள்ள நீச்சல் தடாகத்தையும் பராமரிக்கும் பணியினை ஏற்றிருந்தார். தடாகம் எட்டு மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் சராசரி ஒன்றரை மீற்றர் ஆழமும் கொண்டது. அஃதாவது 48,000 லீற்றர் நீர். லயத்திலே பல குடும்பங்கள் ஒரே குழாயடியிற் காத்துநின்ற காலத்தை அறிந்த எனக்கு, அவ்வளவு நீரும் குளிப்பதற்கு மட்டுமா என்ற வியப்பு நெடுநாள் நீங்கவில்லை.

தேங்கிய நீர் பாசி பிடிக்கும், கிருமிகள் பெருகும். எனவே மணித்தியாலத்துக்கு 8,000 லீற்றர் நீரை இறைக்கும் பம்பி ஒன்று நாள்தோறும் ஆறு மணித்தியாலம் ஓடி, முழு நீரையும் ஒரு முறை மணல் வடிகட்டியினூடாகச் செலுத்தியது. வடிகட்டிய நீர் தடாகத்துக்குத் திரும்பும் குழாயிலே இரு சிறு பம்பிகள் மருந்து சேர்த்தன. ஒன்று குளோரின் கரைசலைச் செலுத்தும். மற்றையது நீரின் காரத்தன்மையைக் குறைக்க அமிலத்தைச் செலுத்தும். பெரும் பம்பி காலை ஆறு மணிக்குத் தொடங்கும். மருந்துப் பம்பிகள் ஏழு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு ஓயும். இவற்றை ஒழுங்குபடுத்துவதற்கென இரு நேர ஆளிகள் சுவரிலே அருகருகே பொருத்தப்பட்டிருந்தன.

அவை தோற்றத்தில் அயலவராயினும் இயல்பில் வேறானவை. பெரும் பம்பியின் ஆளி பழையது. மின்னோட்டம் வினாடிக்கு ஐம்பது முறை அலைவதைப் பின்பற்றிச் சுழலும் சிறு மோட்டர் அதன் கடிகாரத்தை நகர்த்தியது. மின்சாரம் நின்றால் கடிகாரமும் நிற்கும். மின்சாரம் மீண்டதும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். மருந்துப் பம்பிகளின் ஆளியோ புதியது. உள்ளேயிருந்த மின்கலத்தின் துணையால் மின்வெட்டு வேளையிலும் அது சரியான நேரத்தைக் காத்துக்கொண்டிருந்தது. மின்சாரம் ஒழுங்காக வந்த நாள்களில் இவ்வேறுபாடு எவர் கண்ணிலும் படவில்லை.

2022ஆம் ஆண்டு வந்தது. க.பொ.த. உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டு நான் வீட்டிலிருந்த காலம் அது. எரிபொருளின்றி நாடு இருண்டது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். தந்தையார் நாள்தோறும் அதிகாலையிலே சென்று, பிந்திய கடிகாரத்தைக் கையால் திருப்பிச் சரிசெய்து வந்தார்.

அம்மாதத்தின் ஒரு சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். "தம்பி, ரெண்டு கடிகாரத்தையும் பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பினார். நான் போனேன், பார்த்தேன், ஆனால் ஒன்றைத்தான் பார்த்தேன். புதிய ஆளியின் இலக்கங்கள் சரியான நேரத்தைக் காட்டின. ஒன்று சரியென்றால் மற்றையதும் சரியாகத்தானே இருக்கும் என எண்ணி, இலை கூட்டச் சென்றுவிட்டேன்.

முதல்நாள் பகலிலும் இரவிலுமாக ஐந்து மணித்தியாலம் மின்சாரம் நின்றிருந்தது. எனவே பழைய கடிகாரம் ஐந்து மணித்தியாலம் பிந்தியிருந்தது. ஏழு மணிக்கு மருந்துப் பம்பிகள் தம் கடமையைத் தவறாது தொடங்கின. ஆனால் குழாயிலே நீர் ஓடவில்லை. ஓடும் நீரிலே தனித்தனியே கரைந்து நீர்த்துப்போக வேண்டிய குளோரின் கரைசலும் அமிலமும் அசையாத நீரிலே ஒன்றையொன்று சந்தித்தன. அவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும் என்பது உயர்தரத்தில் இரசாயனவியல் கற்றவர்கள் அறிந்ததே. பதினொரு மணிக்குப் பழைய கடிகாரம் ஆறு மணியைத் தொட்டது. பெரும் பம்பி உயிர்பெற்று, குழாயில் அடைபட்டிருந்த அனைத்தையும் தடாகத்துக்குள் தள்ளியது.

நீர் திரும்பும் வாயிலுக்கு அருகே, படியில் அமர்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தாள், அவ்வீட்டுக்கு விருந்தாக வந்திருந்த ஒரு சிறுமி. குமிழிகள் எழுந்தன, மூக்கைத் துளைக்கும் நெடி பரவியது. அவள் இருமத் தொடங்கியதும் ஓடிச்சென்று தூக்கி அப்பால் விட்டேன். பின்னர் ஈரக் காலுடனேயே பம்பி அறைக்குள் புகுந்து, ஈரக் கையாலேயே ஆளியை அணைத்தேன். சிறுமியை மருத்துவரிடம் காட்டினார்கள். மாலைக்குள் இருமல் தணிந்தது. அவள் படியிலன்றி நீருக்குள் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் அமைதியாக எண்ணிப்பார்க்க இயலவில்லை.

காய்ச்சலோடு வந்து சேர்ந்த தந்தையார், வீட்டுக்காரர் முன் தலைகுனிந்து நின்று, "என் தவறு ஐயா" என்றார். நான் அருகில் நின்றேன்; வாய் திறக்கவில்லை. திரும்பும் வழியிலும் அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஈரக் கையைப்பற்றி மட்டுமே பேசினார். உடலினூடாகப் பத்து மில்லி அம்பியர் அளவு பாய்ந்தாலே பற்றிய கை விடுபடாது. முப்பதைத் தாண்டினால் இதயத்துக்கே ஆபத்து. நனைந்த தோலோ மின்னைத் தடுக்கும் வலுவைப் பெரிதும் இழந்துவிடும். முப்பது மில்லி அம்பியர் கசிந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருந்தது உண்மையே. "அது கடைசிக் காவல்காரன், அவன நம்பி கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்கலாமா?" என்று கேட்டார்.

மறுவாரம் நாமிருவரும் அந்த இணைப்பை மாற்றியமைத்தோம். பிரதான ஆளியை அணைத்து, உருகியைக் கழற்றித் தம் சட்டைப் பையில் இட்டுக்கொண்ட பின்னரே அவர் கம்பியைத் தொட்டார். தடாகத்தின் விளிம்பிலிருந்து இரண்டு மீற்றர் வரை ஒரு வலயம், அதற்கப்பால் இன்னும் ஒன்றரை மீற்றர் வரை மற்றொரு வலயம் எனச் சர்வதேச விதிகள் வகுக்கின்றன. சாதாரண மின்கருவிகளுக்கு அங்கே இடமில்லை. நீருக்குள் எரியும் விளக்கும் 12 வோல்ற்றிலேயே எரிய வேண்டும். அவ்வெல்லைக்குள் நீட்டப்பட்டிருந்த செருகி ஒன்றினை அகற்றினோம். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்கவேண்டுமெனச் சுவரிலே எழுதிவைத்தோம்.

ஆனால் முதன்மையான மாற்றம் வேறு. மருந்துப் பம்பிகளுக்குரிய மின்சாரம், பெரும் பம்பி இயங்கும்போது மட்டுமே கிடைக்குமாறு இணைக்கப்பட்டது. பம்பி சுழன்றும் நீர் நகராதிருக்கக் கூடுமாதலால், குழாயினுள்ளே ஓடும் நீர் தள்ளினாலன்றி மூடாத ஆளி ஒன்றும் பின்னர் சேர்க்கப்பட்டது. "கடிகாரத்த நம்பாதய்யா, தண்ணி ஓடுதான்னு தண்ணியையே கேளு" என்றார் தந்தையார்.

பல்கலைக்கழகம் புகுந்த பின்னர் நண்பர்களுடன் சிகிரியாவுக்குச் சென்றபோது இச்சொல் மீண்டும் என் செவியில் ஒலித்தது. ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்பன் அமைத்த நீர்ப்பூங்காவின் ஊற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் பொங்குகின்றன. அங்கே பம்பி இல்லை, கடிகாரமும் இல்லை. உயரத்தில் நிற்கும் நீரின் அழுத்தமே துளையிட்ட கல்லினூடாக நீரை எழுப்புகின்றது. மேலே நீர் வற்றினால் ஊற்று அடங்கும். ஒன்று மற்றொன்றின் விளைவாக இருப்பதனால், இரண்டும் ஒருபோதும் முரண்படுவதில்லை. ஒரே நேரத்தில் நிகழ்வது வேறு. ஒன்றினால் ஒன்று நிகழ்வது வேறு. நாம் அருகருகே மாட்டிய இரு கடிகாரங்களும் ஒற்றுமையாக இருந்தன என எண்ணியது மயக்கமே. அவற்றை இணைத்து வைத்திருந்தது தடையற்ற மின்சாரம். அது போனவுடன் ஒற்றுமையும் போயிற்று.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அன்றும் பழைய கடிகாரம் பிந்தியது. மறுநாட் காலை மருந்து செலுத்தும் வேளை வந்தபோது பெரும் பம்பி ஓடவில்லை. ஆகவே மருந்துப் பம்பிகளும் அசையவில்லை. நீர் ஒரு நாள் மருந்தின்றி இருந்தது; அதற்கு மேல் ஒன்றும் நேரவில்லை. கருவி பிழைக்கத்தான் செய்யும். பிழைக்கும்போது எப்பக்கம் சாயவேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் மனிதன் கடமை.

அன்று நான் வாய் திறக்காமையால் என் பிழை தந்தையாரின் பெயரிலேயே நின்றுவிட்டது. அவர் அதனை ஒருபோதும் எனக்கு நினைவூட்டியதில்லை. மூன்று ஆண்டுகள் கடந்தேனும் அதனை உரியவன் பெயரில் எழுதிவைப்பது முறையெனத் தோன்றியது. இரண்டாவது கடிகாரத்தைப் பார்க்காதவன் நான்.