மேலே கார்... கீழே மேப்!

ஓசூரிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிறவர்களுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சொர்க்கவாசல் உண்டு. 2010-ல் திறந்த மேம்பாலம்! ஏறினால் சில்க் போர்டு பக்கம் இறங்கும்வரை சுமார் 10 கிலோமீட்டருக்கு சிக்னலே கிடையாது.

சுங்கம் கட்டி ஏறிய மச்சான், பலகையில் போட்டிருந்த வேகத்துக்குள்தான் ஓட்டினார். டாஷ்போர்டில் இருந்த ஜி.பி.எஸ். பெட்டியோ 'வேகம் அதிகம்!' என்று அலறியது. பதறிப்போய் அவர் பிரேக்கை மிதிக்க, பின்னால் மயிரிழையில் நின்ற லாரிக்காரர் கன்னடத்தில் எங்கள் பரம்பரையையே விசாரித்தார்.

விஷயம் இதுதான் சார். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களை வைத்துத்தான் பெட்டி நம் இடத்தைக் கணக்குப் போடுகிறது. அதில் உயரக் கணக்கு சில மீட்டர் உதைக்கும். பாலமும் கீழ் ரோடும் மேப்பில் ஏறக்குறைய ஒரே கோடு. அதனால் மேலே போகிற நம்மைக் கீழ் ரோட்டுக் கணக்கில் வரவு வைத்து, அந்த ரோட்டின் வேக வரம்பைப் பாடுகிறது!

மேப் பழசாக இருந்தாலும் இதே கூத்துதான், அப்டேட் பண்ணுங்கள். எரிச்சலில் சத்தத்தை அடைத்தால், நிஜ எச்சரிக்கையும் காதில் விழாது. அலறினால் முதலில் பலகையைப் பாருங்கள். வேகம் குறைக்க வேண்டுமென்றால், பின்னால் வருகிறவரையும் பார்த்துவிட்டு மெதுவாக மிதியுங்கள். பெட்டிக்கு லாரி தெரியாது!